பல்லாங்குழியில் ஒரு பசு: சிறு குழந்தைகள் எண் பழகும் விதம்

மைசூரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், கருங்கற் குன்றுகளுக்கு நடுவே அமைந்துள்ளது மேல்கோட்டை. வைணவ மரபில் இவ்வூருக்குத் திருநாராயணபுரம் என்று பெயர். இராமானுசர் இங்கே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்றும், கோயிற் பணிகளை ஐம்பத்திருவரிடம் ஒப்படைத்தார் என்றும் சொல்வது வழக்கம். செலுவநாராயணப் பெருமாளுக்குப் புகழ்பெற்ற முடிகள் மூன்று: வைரமுடி, இராஜமுடி, கிருஷ்ணராஜமுடி. ஊரைச் சூழ்ந்த தீர்த்தங்கள் எட்டு. கட்டி முடிக்கப்படாமலே நின்றுவிட்ட இராயகோபுரத்தின் நெடுந்தூண்கள் நான்கு. அருகருகே கிடக்கும் அக்கா, தங்கை குளங்கள் இரண்டு. பள்ளிக்குச் செல்லும் வயது வருமுன்பே இவ்வூர்க் குழந்தையின் காதில் விழும் எண்கள் இவ்வளவு.

ஆயினும், எண்ணின் பெயரைக் கேட்பதும் எண்ணை அறிவதும் ஒன்றல்ல. நம் நாட்டின் ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் 'அசர்' கல்வி ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கையைப் பார்ப்போம். கடன் வாங்கிக் கழிக்க வேண்டிய ஈரிலக்கக் கழித்தல் கணக்கை மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 33.7 விழுக்காட்டினரே செய்ய முடிந்திருக்கிறது. 2022இல் இது 25.9 விழுக்காடாக இருந்தது; முன்னேற்றம் உண்டு. எனினும் மூவரில் இருவர் இன்னும் கரையேறவில்லை. மூன்றாம் வகுப்பில் தடுமாறிய குழந்தைக்கு நான்காம் வகுப்புப் பாடநூல் காத்திருப்பதில்லை. பெருக்கலும் வகுத்தலும் பின்னமும் வரிசையாக வந்து நிற்கும். பிற்காலத்தில் வட்டி விகிதத்தையும் கடன் தவணையையும் தாமே சரிபார்த்துக்கொள்ள இயலாமல் பிறர் சொல்லை நம்பிக் கையெழுத்திடும் பெரியவர்கள் பலரின் தடுமாற்றம் எட்டு வயதுக்கு முன்பே தொடங்கியது என்பது நம் எண்ணம்.

ஆகவே, மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கணக்கு எப்படிப் பிடிபடுகிறது, அதில் வீட்டின் பங்கு என்ன, பள்ளியின் பங்கு என்ன என்பதை இங்கே காண்போம். மேல்கோட்டையையும் மைசூரையும் களமாகக் கொண்டதற்குக் காரணங்கள் உள்ளன. அவை போகப்போகத் தெரியும்.

ஒப்பித்தலும் எண்ணுதலும்

விருந்தினர் வந்ததும், "ஒன்று முதல் நூறு வரை சொல்லிக் காட்டு" என்று குழந்தையை நிறுத்தி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். குழந்தை மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கும், எல்லோரும் கைதட்டுவார்கள். அதே குழந்தையிடம் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து, "இதிலிருந்து ஐந்து எடுத்துத் தா" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் ஒரு கைப்பிடி அள்ளித் தந்துவிடுவார்கள். இதில் வியப்போ வருத்தமோ கொள்ள ஒன்றுமில்லை. நூறு வரை சொல்வது அவர்களுக்கு ஒரு பாட்டு. பாட்டின் ஐந்தாம் சொல் ஓர் அளவைக் குறிக்கிறது என்பது தனியே பிடிபட வேண்டிய செய்தி.

ரோச்செல் கெல்மன், காலிஸ்டெல் என்னும் உளவியலாளர் இருவர் 1978இல் வெளியிட்ட நூலில், எண்ணுதலுக்கு அடிப்படையான ஐந்து நெறிகளை வகுத்துக் காட்டினர். ஒரு பொருளுக்கு ஒரு சொல் மட்டுமே சொல்ல வேண்டும். சொற்களின் வரிசை மாறக்கூடாது. இறுதியாகச் சொல்லப்படும் சொல்லே மொத்தத்தின் அளவு. மணியானாலும் மாடானாலும் ஓசையானாலும் எண்ணும் முறை ஒன்றே. எந்தப் பொருளிலிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது. பெரியவர்களுக்கு இவை சொல்லத் தேவையற்றவையாகத் தோன்றும். குழந்தைக்கோ மூன்றாம் நெறி ஒரு பெரிய தாண்டல். ஏழு வாழைப்பழங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணி முடித்த குழந்தையிடம், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், அது அந்தத் தாண்டலை இன்னும் செய்யவில்லை என்று பொருள். பெரும்பாலான குழந்தைகள் நான்கு வயதையொட்டி இதைக் கடக்கிறார்கள். சிலர் முன்னதாக, சிலர் பின்னதாக.

எனவே வீட்டில் செய்யத்தக்க முதல் வேலை, நூறுக்கு அப்பால் இருநூறு வரை ஒப்பிக்க வைப்பதன்று. பத்துக்குள் எண்ணிக் கொடுக்கவும் எடுக்கவும் பழக்குவது. சாப்பிட உட்காரும் ஐவருக்கு ஐந்து தட்டு வைக்கச் சொல்லலாம். "பாட்டி வரவில்லை, இப்போது எத்தனை தட்டு வேண்டும்?" என்று கேட்கலாம். குழந்தை ஒரு தட்டைத் திருப்பி எடுத்துப்போகும்போது அங்கே கழித்தல் நடந்துவிட்டது. கழித்தல் என்ற சொல்லை அன்றைக்கே சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுப்பவர்களும் உண்டு. நம் முன்னோர் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் நகர்த்திப் பன்னிரண்டு வரை ஒரே கையில் எண்ணியவர்கள். விரல், குழந்தையின் முதல் மணிச்சட்டம். தேவை தீர்ந்தபின் அது தானே மடங்கிக்கொள்ளும்.

தொண்ணூறும் தொம்பத்தும்

மேல்கோட்டையின் பல குடும்பங்களில் வீட்டுமொழி தமிழ். வாசலைத் தாண்டினால் கன்னடம். பெங்களூரிலும் மைசூரிலும் வாழும் நம் வாசகர்கள் பலரின் நிலையும் இதுவே. இரு மொழிகளில் எண்களைக் கேட்டால் குழந்தை குழம்பிவிடாதா என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. எண்ணைப் பொறுத்தவரை தமிழும் கன்னடமும் குழந்தைக்குப் பெரும் உதவி செய்கின்றன என்பதே உண்மை.

'இருபத்து மூன்று' என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு பத்துகளும் ஒரு மூன்றும் அச்சொல்லுக்குள்ளேயே வெளிப்படையாக இருக்கின்றன; எழுதும் முறையும் அதே வரிசை. கன்னடத்தின் 'இப்பத்து மூரு'வும் அப்படியே. 'பதினொன்று' பத்தையும் ஒன்றையும் காட்டுகிறது. கன்னடத்தின் 'ஹன்னொந்து' சற்றே மறைத்தாலும் அதையே காட்டுகிறது. ஆங்கிலத்தின் 'லெவன்', 'டுவெல்வ்' என்னும் சொற்களில் பத்து இருப்பதே வெளியே தெரியாது. இந்தியிலோ நூறு வரையுள்ள எண்களைப் பெரும்பாலும் தனித்தனியே மனனம் செய்தாக வேண்டும். இட மதிப்பு என்னும் கடினமான கருத்தைத் தமிழ்க் குழந்தையும் கன்னடக் குழந்தையும் தாய்மொழிச் சொல்லிலேயே பாதி கற்றுவிடுகின்றன. ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ப்பதற்காக வீட்டிலும் 'ஒன், டூ, த்ரீ' மட்டுமே சொல்லிப் பழக்குவோர் இந்தப் பயனை இழக்கிறார்கள் என்பதை நாம் சொல்லியே ஆக வேண்டும்.

தமிழில் ஒரு முடிச்சு உண்டு. எண்பதுக்குப் பின் 'ஒன்பது பத்து' என்னும் பொருள்படும் சொல் வர வேண்டிய இடத்தில் 'தொண்ணூறு' வருகிறது. அதற்குள் 'நூறு' ஒளிந்திருக்கிறது. 'தொள்ளாயிரம்' என்பதிலும் அப்படியே 'ஆயிரம்'. கன்னடத்தில் தொண்ணூறு 'தொம்பத்து'; தொள்ளாயிரம் 'ஒம்பைனூரு'. முன்னதன் ஈற்றில் பத்தும் பின்னதன் ஈற்றில் நூறும் தெளிவாகக் கேட்கின்றன. ஆகவே எண்பத்தொன்பதை அடைந்த தமிழ்க் குழந்தை திகைத்து நின்றாலோ, 'எண்பத்துப் பத்து' என்று சொன்னாலோ கோபிக்கக் கூடாது. குழந்தை மொழியின் விதியைச் சரியாகவே பின்பற்றுகிறது. விதியை மீறியது மொழிதான்! பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய ஒன்பது கட்டுகளை அடுக்கிக் காட்டி, "இதற்குப் பெயர் தொண்ணூறு, பள்ளியில் தொம்பத்து என்பார்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். கண்ணெதிரே கிடக்கும் ஒன்பது கட்டுகளே இரு பெயர்களையும் இணைத்துவிடும்.

நூற்று ஐந்தை 1005 என்று எழுதும் குழந்தைகளும் உண்டு. அதுவும் கேட்டபடியே எழுதியதால் வரும் பிழை: நூறு எழுதியாயிற்று, பக்கத்தில் ஐந்து எழுதியாயிற்று. சிவப்பு மையால் அடிப்பதைவிட ஒரு நூறு ரூபாய்த் தாளையும் ஐந்து ஒற்றை ரூபாய் நாணயங்களையும் மேசையில் வைத்துப் பேசுவது பயன் தரும்.

அரசர் விளையாடிய கணக்கு

மேல்கோட்டைப் பெருமாளுக்குக் கிருஷ்ணராஜமுடியை அளித்தவர் மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868). அவருக்குக் கட்ட விளையாட்டுகளில் இருந்த ஈடுபாடு அளவற்றது. புதிய ஆட்டங்களை வகுத்தார். பழைய ஆட்டங்களைப் பதிவு செய்தார். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களில் ஆட்டக் கட்டங்கள் தீட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். அதே நகரில் இராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் என்னும் அமைப்பு மரபான பலகை விளையாட்டுகளுக்கென்றே கண்காட்சிகள் நடத்தி வருகிறது. பல்லாங்குழி கன்னட வீடுகளில் 'அளகுளி மணெ'. நம் தாயத்துக்கு உறவான ஆட்டம் அங்கே 'சௌகாபாரா'. நான்கு சோழிகளும் வாய் மேலாக விழுந்தால் நான்கு, அது சௌகா. நான்கும் கவிழ்ந்து விழுந்தால் எட்டு, அது பாரா.

இவ்விளையாட்டுகள் பொழுதுபோக்கு மட்டும் அல்ல என்பதை அறிவியலும் காட்டியுள்ளது. அமெரிக்காவில் கீதா ரமணி, இராபர்ட் சீக்லர் என்னும் ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த பள்ளிமுன் வயதுக் குழந்தைகளுக்கு மிக எளிய பலகை ஒன்றைக் கொடுத்தார்கள். நேர்க்கோட்டில் பத்துக் கட்டங்கள். அவற்றில் 1 முதல் 10 வரை எண்கள். சுழல்முள் ஒன்று அல்லது இரண்டைக் காட்டும். அவ்வளவு கட்டம் நகர வேண்டும். இரு வாரங்களுக்குள் நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ கால் மணி நேரம். விளையாடிய குழந்தைகள் எண்களை அடையாளம் காண்பதிலும், எது பெரிது எது சிறிது என்று சொல்வதிலும், எண்கோட்டில் ஓர் எண்ணின் இடத்தை ஊகிப்பதிலும் தெளிவாக முன்னேறினர். ஒன்பது வாரங்களுக்குப் பின்னும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் மட்டும் இருந்த பலகையில் விளையாடியவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. பின்னர் வட்டமான பலகையை வைத்துப் பார்த்தபோதும் நேர்க்கோட்டுப் பலகைக்கு ஈடாகவில்லை.

இந்த ஆய்வில் ஒரு நுட்பம் உண்டு. அதை வீட்டில் தவறவிடுவோர் மிகுதி. ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய் இரண்டு நகர வேண்டுமானால், நாம் வழக்கமாக "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்துவோம். அவ்வாய்வில் குழந்தைகள் "ஆறு, ஏழு" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்தினர். ஐந்துக்கு மேல் இரண்டு என்றால் ஏழு என்னும் கூட்டல் அந்தச் சொல்லிலேயே நடந்துவிடுகிறது.

வைகுண்ட ஏகாதசி இரவில் நாம் விரிக்கும் பரமபதமும் இவ்வகைப் பலகைதான். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு அது சற்றுக் கடினம். கடையில் கிடைக்கும் நூறு கட்டப் பலகையில் எண்கள் ஒரு வரிசையில் வலமாகவும் அடுத்த வரிசையில் இடமாகவும் மாறி மாறி ஏறுகின்றன. பாம்பும் ஏணியும் கவனத்தைப் பறிக்கின்றன. முதலில் வாசலில் சுண்ணாம்புக் கட்டியால் பத்துக் கட்டங்களை நேராக வரைந்து விளையாடலாம். பிறகு இருபது. பரமபதத்தை ஆறு, ஏழு வயதுக்கு வைத்துக்கொள்ளலாம். சோபானம் ஏற அவசரம் வேண்டாம்.

பல்லாங்குழிக்கு இங்கே தனி மரியாதை செய்ய வேண்டும். பதினான்கு குழிகள், குழிக்கு ஒன்றாகச் சோழியோ புளியங்கொட்டையோ இட்டுச் செல்வது, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற முதல் நெறியைக் கைக்கே கற்றுத் தருகிறது. ஆட்டத்தின் போக்கில் ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது 'பசு'. குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டால் அடுத்த காய் விழுந்து பசு போய்விடும். ஆகவே விளையாடுபவர் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. பார்த்தவுடன் நான்கு என்று தெரிய வேண்டும். எண்ணாமலே பார்வையில் தொகையை அறியும் திறன் மனிதருக்கு மூன்று, நான்கு வரைதான் இயல்பாக உண்டு என்று உளவியலாளர் கூறுகின்றனர். நம் பாட்டிமார் பசுவுக்கு நான்கு என்று வைத்தது தற்செயலோ அனுபவமோ, பொருத்தம் மட்டும் வியக்கத்தக்கது.

தெருக் கணக்கும் பலகைக் கணக்கும்

பழைய திண்ணைப் பள்ளியை இன்று ஏளனமாகப் பேசுவோர் உண்டு. அளவுக்கு மீறிப் போற்றுவோரும் உண்டு. எண்சுவடியை அங்கே உரத்துச் சொல்லி மனனம் செய்தார்கள். அதில் முழு எண் மட்டும் இல்லை. மாகாணி, அரைக்கால், கால், அரை, முக்கால் என்று பின்னங்களும் இருந்தன. பதினாறில் ஒன்று மாகாணி. அதன் இருமடங்கு அரைக்கால். அதன் இருமடங்கு கால். முகத்தலளவையிலும் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று அதே இரட்டிப்பு. வயல், களம், கடை ஆகியவற்றில் அன்றாடம் புழங்கிய அளவுகள் அவை. மனனம் செய்தவன் மாலையில் அதைப் பயன்படுத்தினான். அப்புழக்கம் மறைந்தபின் மனனம் மட்டும் எஞ்சியதே இன்றைய குறை.

இக்குறையின் மறுபக்கத்தை 2025ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர் சிறுமியரை ஆராய்ந்தனர். காய்கறி விலையைப் பெருக்கிக் கூட்டி மீதிச் சில்லறையைத் தாளும் பேனாவும் இன்றி நொடியில் சொன்ன அக்குழந்தைகள், அதே கணக்கைப் பாடநூல் வடிவில் தந்தபோது திணறினர். சந்தை அறியாத பள்ளிக் குழந்தைகளோ எழுத்துக் கணக்கைச் செய்தனர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். இரண்டு கரைகளிலும் ஆள் இருக்கிறார்கள், பாலம்தான் இல்லை. பெற்றோர் நாள்தோறும் சில நிமிடங்கள் செய்யக்கூடியது அந்தப் பாலப் பணியே. கடையில் குழந்தை வாயால் போட்ட கணக்கை வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் எழுதிக் காட்டச் சொல்லலாம். பள்ளி நோட்டில் 12 – 5 என்றிருந்தால், அதற்கு ஒரு கதை சொல்லச் சொல்லலாம்: பன்னிரண்டு முறுக்கு, ஐந்தைத் தம்பி தின்றுவிட்டான்.

மேல்கோட்டை என்றதும் நாவில் ஊறும் புளியோதரையும் கணக்குத்தான். ஒரு பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு நீர், நால்வருக்கு இவ்வளவு என்றால் எண்மருக்கு எவ்வளவு என்று கேட்டால் விகிதம் என்னும் சொல் தெரியாமலே விகிதம் புரியும். யோகநரசிம்மர் குன்றின் படிகளை ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொண்டே சென்று, உச்சியில் கற்களை எண்ணிப் பத்தால் பெருக்கலாம். கல்யாணித் தீர்த்தத்தின் படிக்கட்டுகள் இறங்கிச் செல்லும் ஒழுங்கில் வடிவங்களின் சமச்சீரைக் காட்டலாம். அக்கா குளம், தங்கை குளம் இரண்டில் எது பெரிது என்று கேட்டு, குழந்தை காலடியால் அளந்து சொல்லும்வரை நாம் விடையைச் சொல்லாதிருக்கலாம். அப்பாவின் காலடிக்கும் தன் காலடிக்கும் எண் ஏன் வேறுபடுகிறது என்று குழந்தை கேட்டால், அளவுகோல் தேவைப்பட்ட காரணத்தை அது தானே கண்டுபிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

பள்ளியில் நடப்பது

1995இல் மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில், அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலரைக் கொண்டு 'நலி கலி' என்னும் முறை தொடங்கப்பட்டது. ஆடிப் பாடிக் கற்றல் என்பது இதன் பொருள். ஆந்திரத்தின் ரிஷி வேலிப் பள்ளியினர் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவாக்கியிருந்த முறையை நேரில் கண்டு வந்து, தம் வகுப்புக்கேற்ப மாற்றியவர்கள் அவ்வாசிரியர்கள். யுனிசெப் துணை நின்றது. வயது வேறுபட்ட குழந்தைகள் ஒரே அறையில் அமர்கிறார்கள். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு அட்டைகளில் தரப்படுகிறது. சுவரில் தொங்கும் கற்றல் ஏணியில் குழந்தை தான் நிற்கும் படியைத் தானே கண்டறிந்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் அமர்கிறது. புதிய கருத்தைக் கற்கும் குழந்தையருகே ஆசிரியர் இருப்பார். பழகிக்கொண்டிருப்பவர்கள் தோழர்களின் உதவியோடு செய்வார்கள். தேர்ந்தவர்கள் தனியே செய்வார்கள். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து திரும்பிய குழந்தை, வகுப்பு எங்கே போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை; விட்ட படியிலிருந்து தொடரலாம். 2009-10 கல்வியாண்டில் இம்முறை கர்நாடகம் முழுவதற்கும் விரிவடைந்தது. ரிஷி வேலியின் தாக்கத்தில் தமிழ்நாட்டிலும் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பின்னர் மாநிலமெங்கும் பரவியதை வாசகர்கள் அறிவார்கள்.

இம்முறைகளுக்குக் குறைகளும் கூறப்பட்டன. அட்டையை முடிப்பதே குறிக்கோளாகி, புரிந்ததா என்று பார்க்க ஆசிரியருக்கு நேரமில்லாமற்போன வகுப்புகளும் உண்டு. முறை எவ்வளவு நன்றாயினும் ஆசிரியரின் கவனத்துக்கு மாற்று இல்லை. ஆயினும் ஒவ்வொரு குழந்தையும் தன் படியிலிருந்தே ஏற வேண்டும் என்ற கருத்து நிலைத்துவிட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' இயக்கத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்ப்பதும் அதன் தொடர்ச்சியே. 2021 ஜூலையில் நடுவணரசு தொடங்கிய 'நிபுண் பாரத்' இயக்கம், 2026-27க்குள் மூன்றாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்று இலக்கு வைத்துள்ளது.

பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லும் நாம் வழக்கமாகக் கேட்பது, "என் பிள்ளை எத்தனை மதிப்பெண்?" அதற்குப் பதிலாக, "என் குழந்தை இப்போது எதைத் தானே செய்கிறது, எதற்குத் துணை தேவைப்படுகிறது?" என்று கேட்டால், நல்ல ஆசிரியர் மகிழ்ந்து பத்து நிமிடம் பேசுவார். வகுப்பில் குச்சி, மணி, கூழாங்கல் போன்ற பொருள்கள் கையாளப்படுகின்றனவா, தவறான விடைக்கு 'எப்படிச் செய்தாய்?' என்ற கேள்வி கிடைக்கிறதா என்பதையும் கவனிக்கலாம். ஏழு, எட்டு வயதிலும் சிறு தொகைகளை ஒப்பிட இயலாமல், அன்றாடம் பழகியும் எண்களின் வரிசை நிலைக்காமல் குழந்தை தொடர்ந்து அவதிப்பட்டால், அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடாமல் ஆசிரியரையும், தேவையானால் குழந்தை வளர்ச்சி வல்லுநரையும் கலந்தாலோசிக்க வேண்டும். கணக்கை மட்டும் பாதிக்கும் கற்றல் குறைபாடு ஒன்று உண்டு. உரிய பயிற்சியால் அதற்கு உதவ முடியும்.

வீட்டில் நாம் விட வேண்டிய சொல் ஒன்று: "எனக்கும் கணக்கு வராது, இவனுக்கும் வரவில்லை." சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2015இல் கண்டது இது. கணக்குக்கு அஞ்சும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவியபோது, குழந்தைகள் அவ்வாண்டில் குறைவாகவே கற்றனர். குழந்தைகளின் அச்சமும் கூடியது. அதற்காக உதவவே கூடாது என்று கொள்ள வேண்டியதில்லை. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், படுக்கைக்குச் செல்லுமுன் பெற்றோரும் குழந்தையும் ஒரு சிறு கணக்குக் கதையைச் சேர்ந்து படித்துப் பேசிய வீடுகளில், குறிப்பாக அஞ்சும் பெற்றோரின் வீடுகளில், குழந்தைகள் நன்கு முன்னேறினர். வீட்டுப்பாடத்தின் இறுக்கம் கதையில் இல்லை.

கையில் ஒரு பத்து ரூபாய்

வங்கியின் இதழ் பணத்தைப் பற்றிப் பேசாமல் முடிக்கலாகாது. கைப்பேசியால் பணம் செலுத்தும் பழக்கம் பரவிய பிறகு, குழந்தைகள் பணத்தை எண்ணிப் பார்ப்பதே அரிதாகி வருகிறது. கடையில் ஒரு சதுரக் கட்டத்தைக் காட்டி 'டிங்' என்று ஒலி கேட்டால் பொருள் கைக்கு வந்துவிடுகிறது. மீதிச் சில்லறை இல்லை. ஆகவே கழித்தலும் இல்லை. வாரத்தில் ஒரு முறையேனும் ரொக்கத்தைக் கொடுத்துக் குழந்தையை வாங்கச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் நாணயங்களும் தாள்களும் 1, 2, 5, 10, 20, 50, 100, 200, 500 என்ற ஒழுங்கில் அமைந்திருப்பது குழந்தைக்கு நல்ல புதிர். பத்து ரூபாயை எத்தனை விதமாகத் தரலாம்? இரண்டு ஐந்து, ஐந்து இரண்டு, ஓர் ஐந்து, இரண்டு இரண்டு, ஓர் ஒன்று... ஆறு வயதுக் குழந்தையைக் கால் மணி நேரம் கட்டிவைக்கக்கூடிய கேள்வி இது. இருபது ரூபாய் நாணயத்தின் பக்கங்களை எண்ணச் சொன்னால் பன்னிரண்டு வரும். ஐம்பது ரூபாய்த் தாளின் பின்புறம் ஹம்பியின் கல் தேர். ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும் பதினைந்து மொழிகளில் அதன் மதிப்பு அச்சிடப்பட்டுள்ளது. தமிழையும் கன்னடத்தையும் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். வீட்டுமொழியின் எண்ணும் பள்ளிமொழியின் எண்ணும் ஒரே தாளில், ஒரே மதிப்பில் இருப்பதைக் குழந்தை அங்கே காணும்.

உண்டியலை உடைக்கும் நாளில், நாணயங்களைப் பத்துப் பத்தாக அடுக்கச் சொல்லி எண்ண வையுங்கள். பத்து அடுக்குகள் சேர்ந்தால் நூறு என்பது கையாலேயே விளங்கும். பிறகு அத்தொகையைக் கணக்கில் செலுத்த அழைத்து வாருங்கள். எந்த வயதுக் குழந்தையின் பெயரிலும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் வழியாகச் சேமிப்புக் கணக்கோ வைப்புக் கணக்கோ தொடங்க இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிகள் இடமளிக்கின்றன. பத்து வயது நிரம்பிய சிறுவர் சிறுமியர், வங்கி தன் கொள்கைக்கேற்ப விதிக்கும் வரம்புகளுக்குட்பட்டு, தாமே கணக்கைத் தொடங்கி இயக்கலாம். 2025 ஏப்ரலில் வெளியிடப்பட்ட திருத்திய அறிவுரை இதை மீண்டும் தெளிவாக்கியுள்ளது. கணக்குப் புத்தகத்தில் பதிவு விழுந்ததும் அதைக் குழந்தையின் கையில் கொடுத்து, முன்பிருந்த இருப்போடு இன்று செலுத்தியதைக் கூட்டினால் புதிய இருப்பு சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் கிளை ஊழியர்கள் அதுவரை காத்திருப்பார்கள்.